மஞ்சள் தாளில் ஒரு பெயர்

ஜனவரி பிறந்து பத்து நாளாகியும் மாவு ஒழுங்காகப் பொங்கவில்லை.

லேக் மார்க்கெட்டின் பின்பக்கச் சந்தில் இருக்கிறது உத்தமனின் மாவுக் கடை. முன்னால் ஒரு மேஜை, பின்னால் இரண்டு கிரைண்டர்கள், செங்குத்தான படியேறினால் மேலே வீடு. கொல்கத்தாவில் குளிர் ஒன்றரை மாதம்தான். அந்த ஒன்றரை மாதமும் உளுந்துக்குப் பிடிவாதம் வந்துவிடும். அண்டாக்களுக்குப் பழைய ஸ்வெட்டரை மாட்டி, மேலே கம்பளி சுற்றி, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைப்பார்கள். காலையில் திறந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும்.

"பிள்ளையப் போத்துத மாதிரி போத்தியாச்சு. எந்திரிக்கவே மாட்டேங்கு," என்றாள் வனஜா, படியில் உட்கார்ந்தபடி.

"நீ கை வச்சு கலக்குனா எந்திரிக்கும்," என்றான் உத்தமன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வனஜா கை வைத்து இரண்டு வருஷமாகிறது. இடது மார்பை எடுத்த பிறகு ஏற்றிய மருந்தில் அவளுடைய விரல் நுனிகள் செத்துவிட்டன. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் அந்த விரல்களுக்கு ஒன்றுதான். உப்பு கரைந்ததா, மாவு நைந்ததா என்று விரலுக்குத் தெரியாமல் கலக்குவது குருட்டு வேலை. அதனால் படியில் உட்கார்ந்து மற்றவர்களை அதட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள். முதுகுவலி வந்த பிறகு அதட்டலும் குறைந்துபோயிருந்தது.

"அம்மா, டார்ச்சை இந்தப் பக்கம் காட்டு," என்று தரையிலிருந்து குரல் வந்தது. மகள் சுபிக்ஷா பெரிய கிரைண்டருக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தாள். பெல்ட் நழுவிவிட்டது. பதினாலு வயதிலிருந்து இந்தக் கடையில் மெக்கானிக் அவள்தான். இப்போது பத்தொன்பது. டில்லியில் விமானம் பழுதுபார்க்கும் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. நாற்பது பேர் எடுத்ததில் பெண்கள் மூன்று பேர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹவுராவில் ரயில்.

"கிரைண்டருக்கு அடியில கெடக்குத கழுத, நாளைக்கு பிளேனுக்கு அடியில கெடக்கப் போவுது," என்றாள் வனஜா. "டில்லிக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வச்சிருக்கேன், பாத்தியா? நீலக் கலரு. பூட்டான்காரிகிட்ட அரை நாளு சண்ட போட்டு வாங்கினேன்."

"துர், அது ஸ்வெட்டரா? கம்பளி மூட்டை. அதைப் போட்டா நான் பிளேனுக்கு அடியில நுழையவே முடியாது."

வனஜா சிரித்தாள். சிரித்தால் முதுகு இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

உத்தமன் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல அரிசியைக் களையத் தொடங்கினான்.

வனஜாவிடம் சொன்னதுபோல அது முதுகுத் தேய்மானம் இல்லை. நவம்பரில் எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் அவனையும் அவன் தங்கை ஷோபனாவையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். எலும்புக்குப் போய்விட்டது, ஈரலுக்கும் போய்விட்டது. நன்றாகப் போனால் ஆறு மாதம். அப்போது வனஜா வெளியே எடை பார்க்கும் இடத்தில் நின்றிருந்தாள். வெளியே வந்த உத்தமன், "தேய்மானமாம். வயசானா வருமாம்," என்றான். "நாப்பத்தேழு வயசா?" என்று அவள் ஒருதரம் பார்த்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. தெரிந்தால் அன்றைக்கே படுத்துவிடுவாள் என்று உத்தமன் நம்பினான். மகளிடமும் சொல்லவில்லை. சொன்னால் டில்லிப் படிப்பு கைநழுவிவிடும். மகள் போக வேண்டும் என்று வனஜா இரண்டு வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் இழுத்துப் பிடித்துவிட்டால் போதும் என்பது அண்ணனும் தங்கையும் செய்துகொண்ட ஏற்பாடு. இன்றைக்குச் சனிக்கிழமை.

ஷோபனா டாக்குரியாவிலிருந்து ரயில் பிடித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கையில் பெரிய பை. "மதினி, எல்லாம் ஆச்சு. பதினாறு பேரு. அனுராதா டீச்சர் கூட வாராவளாம், முட்டிவலியோட."

நாளைக்குக் காலையில் பக்கத்து ஏரியைச் சுற்றிப் பெண்களின் ஓட்டம். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ப்பதற்காக. பெண்களுக்கு மட்டும். ஓட முடியாதவர்கள் நடக்கலாம். ஷோபனா மாவு வாங்க வருகிற தமிழ்ப் பெண்களை ஒவ்வொருத்தராகப் பிடித்துச் சேர்த்திருந்தாள். மதினிக்காக ஒன்றும் செய்ய முடியவில்லை என்று இரண்டு மாதமாக அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. இதையாவது செய்வோம் என்று இறங்கிவிட்டாள்.

"ஓடுனா என்னத்தட்டி கண்டுபிடிப்பாவ?" என்றாள் வனஜா.

"மருந்துதான்."

"நீயும் அனுராதா டீச்சரும் ஓடுத ஓட்டத்துக்குச் சளிக்கு மருந்து கண்டுபிடிச்சாலே பெருசு."

"கேலி பண்ணுங்க மதினி. வைத்தியம் பாத்து தேறினவங்களுக்கு மேடைப் பக்கத்துல நாற்காலி போட்டு, பிங்க் துண்டு போத்துதாவளாம். ஒங்க பேரக் குடுத்துட்டேன். வரலன்னு சொல்லிராதிய."

"நான் வரலாமா?" என்றான் உத்தமன்.

"ஆம்பளையாளுக்கு எடமில்ல. கயித்துக்கு வெளிய நின்னு பாக்கலாம்."

"நல்லது. ஒரு நாளாவது கயித்துக்கு வெளிய நில்லுங்க," என்றாள் வனஜா.

பையில் சட்டைகளும் முதுகில் குத்திக்கொள்ளும் தாள்களும் இருந்தன. யாருக்காக ஓடுகிறோமோ அவர் பெயரை அதில் எழுதிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை ஷோபனா ஏரிக்கரைப் பந்தலுக்குப் போய் அவற்றை வாங்கி வந்தாள். மேஜையில் இரண்டு அடுக்கு இருந்தது. ஒன்று சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் தாள். இன்னொன்று மஞ்சள். அங்கிருந்த பெண் ஒரே சமயத்தில் நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டிலும் மேலே பூவேலை எழுத்தில் ஏதோ வங்காளியில் அச்சடித்திருந்தது. ஷோபனா இருபது வருஷமாக வங்காளி பேசுகிறாள், மீன்காரனோடு சண்டையே போடுவாள். படிக்கத் தெரியாது.

வெள்ளையை ஒருதரம் பார்த்தாள். சீக்காளி பேரை வெள்ளையில் எழுதினால் விளங்குமா? மஞ்சளில் பதினாறு எண்ணி எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அனுராதா டீச்சர் வீட்டில் எல்லோரும் கூடி, கறுப்புப் பேனாவால் 'வனஜா' என்று பெரிதாக எழுதினார்கள். டீச்சர் தமிழ் டீச்சர், எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஷோபனா கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல ஒவ்வொரு தாளின் நாலு மூலையிலும் குங்குமம் தொட்டு வைத்தாள். வைக்கும்போது வாய்க்குள் வேண்டிக்கொண்டாள்.

வனஜாவுக்கும் சுபிக்ஷாவுக்கும் அந்தத் தாளைக் காட்டவில்லை. நாளைக்குத் திடீரென்று பார்க்கட்டும் என்று சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஏரி தெரியவில்லை. பனி. கரை மரங்களின் அடிப்பாகம் மட்டும் நின்றது. மண்குவளைத் தேநீர்க்காரனிடம் முந்நூறு பெண்களும் ஒரே நேரத்தில் கேட்க, அவன் யாருக்கும் கொடுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தான். ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிய கணவன்மார்கள் கயிற்றுக்கு வெளியே குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். உத்தமனும் நின்றான்.

வனஜாவுக்கு நாற்காலி கிடைத்தது, பிங்க் துண்டும் கிடைத்தது. பக்கத்தில் சுபிக்ஷா நின்றாள். சந்துக்காரப் பெண் ஒருத்தி தாண்டிப் போகும்போது, "இட்லி பௌதி! நல்லா இருக்கீங்களா?" என்று வங்காளியில் விசாரித்தாள். பௌதி என்றால் அண்ணி. சந்து முழுக்க வனஜாவுக்கு அதுதான் பெயர்.

"பாலோ ஆச்சி," என்றாள் வனஜா. நன்றாக இருக்கிறேன்.

மேடையில் ஒரு பெண்மணி ஒலிபெருக்கியைத் தட்டினாள். வங்காளியில் பேசினாள். ஓட்டம் தொடங்கும் முன் ஒரு சிறு நிகழ்ச்சி. இந்த நோயில் நாம் இழந்தவர்களை நினைத்துக்கொள்வோம். அவர்களுக்காக ஓடுகிற சகோதரிகள், மஞ்சள் தாள் குத்தியிருப்பவர்கள், தயவுசெய்து முன்வரிசைக்கு வந்து திரும்பி நில்லுங்கள். பெயர்களை எல்லோரும் பார்க்கட்டும்.

அங்கொன்று இங்கொன்றாகச் சில பெண்கள் தலைகுனிந்து முன்னால் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம் கலகலவென்று வந்தது. இரைச்சலில் 'மஞ்சள் தாள், முன்வரிசை' என்பது மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்திருந்தது. குளிருக்கு மல்லிகை கிடைக்காமல் சம்பங்கியை வைத்திருந்தார்கள். சட்டைக்குக் கீழே புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஷோபனா. வனஜாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "மதினி, பாருங்க!" என்று கத்திவிட்டு முதுகைத் திருப்பினாள்.

பதினாறு முதுகுகள் திரும்பின. பதினாறிலும் வனஜா, நாலு மூலையிலும் குங்குமத்தோடு.

சுபிக்ஷா பெயருக்கு மேலே அச்சடித்திருந்த வங்காளி வார்த்தையைப் படித்தாள். 'நினைவாக' என்றிருந்தது.

"மா..." என்றாள்.

"ஒரு நிமிட மௌனம்," என்றது ஒலிபெருக்கி.

முந்நூறு பேரும் அசையாமல் நின்றார்கள். கயிற்றுக்கு வெளியே ஆண்கள் குல்லாயைக் கழற்றினார்கள். எதற்கென்று புரியாமல் உத்தமனும் கழற்றினான். நாற்காலிகளில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். எல்லோரும் எழுந்திருக்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று, வனஜாவும் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தனக்காக ஒரு நிமிடம் நின்றாள்.

ஏரிக்குள் ஏதோ பறவை ஒருதரம் கூவியது. வேறு சத்தம் இல்லை.

நிமிடம் முடிந்ததும் சுபிக்ஷா பாய்ந்தாள். "அத்தை! உஃப்! என்ன பண்ணி வச்சிருக்கீங்க! இது செத்துப்போனவங்களுக்கு. வெள்ளைதான் உயிரோட இருக்கறவங்களுக்கு. மேல எழுதியிருக்கே, ஒருத்தருக்கும் தெரியலையா?"

"வெள்ளையா?" என்றாள் அனுராதா டீச்சர். "உயிரோட இருக்கறவாளுக்கு வெள்ளையா?"

"வெள்ளையில சிவப்புக் கரை, டீச்சர்! இங்க பூஜைக்குக் கட்டற புடவை! மங்களம்!"

பதினாறு பேரும் ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்தினாள். வனஜா மெல்ல நடந்து வந்து சேர்ந்தாள்.

"விடுங்கட்டி," என்றாள். "செத்த பொறவு எனக்காக யாரும் நிப்பாவளான்னு ஒரு ரோசன இருந்துச்சு. முந்நூறு பேரு நின்னாவ. போதும்."

அதில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சுபிக்ஷாவும் சிரித்தாள். அத்தோடு முடிந்திருக்கும். வீட்டுக்குப் போய், டில்லியிலிருந்து போன் பேசும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதையாகியிருக்கும்.

ஷோபனா சிரிக்கவில்லை. முதுகுத் தாளைப் பிய்க்கப் போனாள், கை எட்டவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் கையாலயே எழுதி வச்சுட்டேனே. குங்குமம் வேற வச்சேனே. நாலு மாசம் இருக்கே மதினி, இன்னும் நாலு மாசம் இருக்கே. அதுக்குள்ள நானே ஒங்கள..."

"ஷோபனா, எந்திரி," என்றாள் வனஜா.

"டாக்டரு ஆறு மாசம்னு சொல்லி ரெண்டுதான் போயிருக்கு..."

"வாய மூடுட்டி!"

அப்படி ஒரு குரலை வனஜாவிடம் யாரும் கேட்டதில்லை. ஷோபனா நிமிர்ந்து பார்த்தாள். மதினி தன்னைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வனஜா பார்த்துக்கொண்டிருந்தது மகளை.

சுபிக்ஷாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. "கிஷேர் சார் மாஷ்?" என்றாள். என்ன நாலு மாதம்? தமிழ் வாயில் வரவில்லை. "அத்தை, எதுக்கு? முதுகுக்கா?"

ஷோபனா மதினியின் பக்கம் திரும்பினாள்.

"மதினி," என்றாள் ஷோபனா, குரல் இறங்கி. "ஒங்களுக்கு..."

"தெரியும். ஸ்கேன் எடுத்த அன்னைக்கே தெரியும். ரிப்போர்ட்ட எங்கிட்டதான குடுத்தா அந்த நர்ஸு. ஒங்கண்ணனும் நீயும் டீ வாங்கப் போயிருந்திய. பக்கத்துல ஒரு மேதினிபூர்க்காரி இருந்தா. அங்க வாரவளுக எல்லாம் ஒருத்தி ரிப்போர்ட்ட ஒருத்தி வாங்கிப் படிப்பாளுக, பொழுது போகணும்லா. அவ படிச்சுட்டு, எலும்புக்குப் போயிட்டு அக்கான்னு சொன்னா. ஒங்கண்ணன் வந்து தேய்மானம்னாவ. சரின்னு கேட்டுக்கிட்டேன்." மூச்சு வாங்கினாள். "இவ ரயிலேறுத வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாம ஓட்டிருவோம்னு இருந்தேன். ரெண்டு மாசம் ஓட்டிட்டேன். இன்னும் ரெண்டே நாளுட்டி. ரெண்டு நாளு ஒனக்கு வாய அடக்க முடியல."

சுபிக்ஷா நடந்தாள். ஓடவில்லை. கயிறு வரைக்கும் போய் நின்றாள். "அப்பா."

"என்னம்மா, அங்க என்ன சத்தம்? எதுக்கு எல்லாரும் நின்னாவ?"

"உங்களுக்குத் தெரியுமா? நாலு மாசம்."

உத்தமன் மகளைப் பார்த்தான். பிறகு தூரத்தில் நிற்கிற மனைவியைப் பார்த்தான். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். உடனே விசில் அடித்தது. கையில் பட்டை கட்டிய ஒரு பெண் ஓடி வந்து, "அண்ணா, உள்ளே ஆண்கள் வரக் கூடாது," என்றாள் வங்காளியில், மரியாதையாகத்தான். இத்தனை வருஷமாக இந்த ஊரில் யார் ஒதுங்கச் சொன்னாலும் ஒதுங்கிப் பழகியவன். பின்னால் போய்விட்டான். கயிறு மறுபடி நடுவில் வந்தது.

"ஒங்கம்மைக்குத் தெரியாது. சத்தமா பேசாத," என்றான்.

"அம்மாவுக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்." கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் டில்லியில உக்காந்து போன்ல 'முதுகு எப்படி இருக்கு'ன்னு கேட்டுக்கிட்டே இருந்திருப்பேன். இல்ல?"

அவன் குல்லாயைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்ற கணவன்மார்கள் ஏரியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்கள்.

ஓட்டம் தொடங்க ஊதல் ஊதிவிட்டது. மற்றவர்கள் கிளம்பினார்கள். பட்டை கட்டிய பெண் விஷயத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, மன்னிப்புக் கேட்டபடி பதினாறு வெள்ளைத் தாள்களைக் கொண்டுவந்து நீட்டினாள். அனுராதா டீச்சர் வாங்கிக்கொண்டாள். பேனாவை யாரும் எடுக்கவில்லை.

"நிக்காதிய. ஓடுங்க," என்றாள் வனஜா. "வந்தாச்சுல்லா. நின்னா மட்டும் என்ன ஆயிரப் போவுது?"

அவர்கள் போனார்கள். ஓடவில்லை, நடந்தார்கள். ஷோபனாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். பனிக்குள் கொஞ்ச தூரம் வரைக்கும் மஞ்சள் தெரிந்தது.

*

திங்கட்கிழமை முழுவதும் வனஜா பேசினாள். கெஞ்சினாள், திட்டினாள். "நீ இங்கன இருந்து என்னத்தட்டி செய்யப் போற? மூத்திரச் சட்டி எடுக்கவா? அதுக்கு ஆளு இருக்கு," என்றாள். "ஒன் பேர அந்த டில்லி லிஸ்ட்ல பாத்த அன்னைக்குத்தாம் நான் மருந்த வாந்தியெடுக்காம முழுங்கினேன்," என்றாள். பெட்டியை வனஜா அடுக்குவாள், சுபிக்ஷா ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் பழைய இடத்தில் வைப்பாள். மூன்றாவது தடவை அடுக்கும்போது வனஜாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பாதிப் பெட்டியோடு படுத்துவிட்டாள்.

உத்தமன் கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்தான். "ரெண்டு மாசமா தெரிஞ்சுக்கிட்டா எங்கூட இருந்த?" என்றான்.

"நீங்க ராத்திரில பாத்ரூம்ல குழாயத் தெறந்துவிட்டு அழுதிய. தண்ணி வீணாப் போவுதேன்னு இருந்துச்சு," என்றாள் அவள்.

அவன் அவள் கையைப் பிடித்தான். பிடித்தது அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரயில் நேரத்துக்குக் கடையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வனஜா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, தன் இடத்துக்கு வந்தாள். ஷோபனா ஒரு மூலையில் உளுந்து அலசிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக மதினி முகத்தை அவள் பார்க்கவில்லை. சுபிக்ஷா முழங்கை வரை அண்டாவில் விட்டு உப்புப் போட்டுக் கலக்கினாள். பிறகு மூடி, கம்பளி சுற்றுவதற்கு முன்னால், நீல ஸ்வெட்டரை எடுத்து அண்டாவுக்கு மாட்டத் தொடங்கினாள்.

வனஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ரயிலு இப்ப கெளம்பியிருக்கும்," என்றாள்.

"டில்லிக்குப் பேசிட்டேம்மா," என்றாள் சுபிக்ஷா, திரும்பாமல். "இடத்தை வச்சிருப்பாங்களாம். ஒண்ணும் போயிடல. அடுத்த ஜனவரியில போய்ச் சேந்துக்கறேன்."

ஷோபனாவின் கை உளுந்துத் தண்ணீருக்குள் நின்றது. உத்தமன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். தான் சொன்னது என்ன என்று சுபிக்ஷாவுக்கும் அப்போதுதான் எட்டியது. ஸ்வெட்டரின் ஒரு கையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கிரைண்டர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

வனஜா ஸ்வெட்டரைப் பார்த்தாள்.

"அந்த ஸ்வெட்டரக் கழட்டு," என்றாள். "மாவு பட்டா போவாது. பழச மாட்டு. அது அடுத்த வருசத்துக்கு வேணும்லா."

சுபிக்ஷா கழற்றினாள். மடித்து வனஜாவின் மடியில் வைத்தாள்.